அனுமதி என்னும் இரண்டாவது கண்



ஓர் இளைஞர் தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேருகிறார். முதல் நாள் காலையில் மேஸ்திரி ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். "உளி எங்கே, இழைப்புளி எங்கே?" என்று இளைஞர் கேட்கிறார். "அதற்கெல்லாம் அனுமதி வரவேண்டும்; அதுவரை உட்கார்ந்திரு" என்று பதில் வருகிறது. ஒரு வாரம் ஆகிறது, இரண்டு வாரம் ஆகிறது. சம்பளம் வருகிறது, உளி வரவில்லை. மூன்றாம் வாரம் அதே மேஸ்திரி வந்து, "நீ இதுவரை ஒரு நாற்காலிகூடச் செய்யவில்லையே!" என்று கேட்கிறார்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் இன்றைய சிங்கப்பூரின் பெரிய அலுவலகங்களில் கணினி நிரல் எழுதச் சேருகிற நம் இளைஞர்கள் பலருக்கு இது அன்றாட அனுபவம். நிரல் எழுதுவதற்கே தனியாகச் சில மென்பொருள்கள் வேண்டும். அவைதாம் அந்தத் தொழிலின் உளியும் இழைப்புளியும். அவற்றை அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி வேண்டும். அந்த அனுமதி எதற்காக இருக்கிறது, அதை எப்படிக் கேட்க வேண்டும், கொடுப்பவர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் நிலையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் அவர். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சிறு தெருவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமல் டௌன்டவுன் ரயில் பாதையிலேயே எக்ஸ்போ வரை போய், சாங்கி வர்த்தகப் பூங்காவில் உள்ள தம் அலுவலகத்தை அடைந்துவிடுவார். நிறுவனத்தின் பெயர் நமக்குத் தேவையில்லை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் வேலையைச் செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் வேலை மட்டுமல்ல, வேலை அனுமதிச் சீட்டும் போய்விடும்.

அவருக்கு ஆறு மென்பொருள்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் நிறுவப் போகும்போது, "நிர்வாகியின் கடவுச்சொல்லை இடுக" என்று கணினி கேட்டது. ஆகவே தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அலுவலகப் பேச்சில் இதை 'டிக்கெட் போடுவது' என்கிறார்கள். அவர் போட்ட டிக்கெட்டில் இருந்த வாசகம் ஒரே வரி: "வேலைக்குத் தேவை, அவசரம், தயவுசெய்து அனுமதிக்கவும்." பத்து நாள் பதிலில்லை. பிறகு, "போதிய விவரமில்லை" என்ற குறிப்புடன் டிக்கெட் மூடப்பட்டது.

அந்த வார இறுதியில் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பக்கத்து மேசை நண்பர் ஒரு வழி சொல்கிறார். நிறுவத் தேவையில்லாமலே ஓடக்கூடிய பிரதிகள் இணையத்தில் கிடைக்குமாம். வீட்டுக் கணினியில் இறக்கி, சிறு நினைவுக்குச்சியில் எடுத்துப்போனால் போதுமாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். செய்யட்டுமா?"

நானும் ஒரு காலத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். "தம்பி, இப்போதைக்குச் செய்யாதே. கொஞ்ச தூரம் நடந்து வருவோம், வா" என்று அழைத்துப் போனேன்.

நேயர்களே, நாங்கள் போய் நின்ற இடம் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் மூலை. இன்று அங்கே வேறொரு விடுதி இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் நாள் காலை வரை அந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. அதில் இயங்கியது ஹோட்டல் நியூ வோர்ல்டு. அன்று காலை பதினொன்றரை மணிக்குச் சற்று முன்பாக, ஒரு நிமிடத்திற்குள், கட்டடம் முழுவதும் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்கு அடியிலிருந்து 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்நாளில் சிங்கப்பூரில் இருந்தவர்கள் அந்த மீட்புப் பணியை இன்றும் மறக்கவில்லை.

காரணம் என்ன? விசாரணையில் தெரிந்தது இது: கட்டடத்தின் அமைப்புக் கணக்கிலேயே பிழை இருந்தது. உள்ளே வரும் மனிதர், பொருள்கள் ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க மறந்திருந்தார். 1971-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம் 15 ஆண்டுகள் எப்படியோ நின்றது. இடையில் கூரை மேல் குளிர்சாதனக் கருவிகள் ஏறின; வங்கி ஒன்று வந்தபோது கனமான பெட்டகமும் வந்தது. மூலப்பிழை கணக்கில் இருந்தது என்றாலும், தாங்க முடியாத தூண்களின் மேல் சுமை கூடிக்கொண்டே போனது. அந்தக் கணக்கை இன்னொருவர் உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்க அப்போது எந்த ஏற்பாடும் இல்லை.

இதன் பிறகு 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத, அங்கீகாரம் பெற்ற வேறொரு சரிபார்ப்பாளர் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற முறை ஏற்பட்டது. முதல் பொறியாளர் நேர்மையற்றவர் என்ற சந்தேகத்தால் வந்த முறையல்ல இது. எத்தனை திறமையுள்ளவரானாலும் தம் பிழை தம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்ற அனுபவத்தால் வந்தது. இதை நான் இரண்டாவது கண் என்று சொல்வேன். அனுமதி என்பதன் உண்மையான பொருள் அதுதான். நம் இளைஞரிடமும் இதையே சொன்னேன்: "தம்பி, உன் அலுவலகத்தில் நீ தட்டுகிற கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டியது அந்த இரண்டாவது கண்தான்."

சரி, கட்டடம் விழுந்தால் உயிர் போகும். கணினியில் ஒரு மென்பொருளை நிறுவினால் என்ன போய்விடும் என்று கேட்கலாம். அதற்கும் சிங்கப்பூரிலேயே பாடம் இருக்கிறது.

2018-ஆம் ஆண்டு ஜூன் 27-க்கும் ஜூலை 4-க்கும் இடையில், சிங்ஹெல்த் என்னும் பொதுச் சுகாதாரக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு என்னென்ன மருந்து கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகளும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றில் அடங்கும். 2019 ஜனவரியில் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. திருடர்கள் முதலில் பிடித்தது ஓர் ஊழியரின் சாதாரணக் கணினியைத்தான் என்று அது காட்டியது. அந்தக் கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளுக்குத் திருத்தம் வெளியாகியிருந்தும் அது நிறுவப்படவில்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லைக் கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்றும் அவர்களுக்கு உதவியது. அந்தக் குழுமத்துக்கும் அதன் கணினி அமைப்புகளைக் கவனித்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

பாருங்கள், ஒரு மேசையில் இருந்த ஒரு கணினிதான் வழி. வீவக அடுக்குமாடியில் நம் வீட்டுச் சுவர்தானே என்று நாமே இடித்துவிட முடியுமா? அந்தச் சுவர் மேல்வீட்டையும் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவேதான் வீட்டுக்காரர் நாமாகவே இருந்தாலும் சுவரை இடிக்கக் கழகத்தின் அனுமதி கேட்கிறோம். அலுவலகக் கணினியும் அப்படிப்பட்ட ஒரு சுவர்தான்.

அதிலும் நிரல் எழுதும் கருவிகளுக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கணக்குப் போடும் மென்பொருள் கணக்கை மட்டும் போடும். நிரல் எழுதும் கருவியோ எந்த நிரலையும் ஓட்டும். அதற்காகவே அது செய்யப்பட்டது. இரண்டாவது, இந்தக் கருவிகள் தனியாக வருவதில்லை. ஒன்றை அழைத்தால் அது தனக்கு வேண்டிய நூறு நிரல் துண்டுகளை இணையத்திலிருந்து தானாக இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவது, கருவியில் நஞ்சு இருந்தால், அந்தக் கருவியால் செய்யப்படும் ஒவ்வொரு பொருளிலும் நஞ்சு இருக்கும்.

மூன்றாவது காரணம் வெறும் கற்பனையல்ல. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவில் நடந்தது இது. ஆப்பிள் கைப்பேசிகளுக்கான செயலிகளை எழுத எக்ஸ்கோடு என்ற கருவி தேவை. ஆப்பிள் அதை இலவசமாகவே தருகிறது. ஆனால் சீனாவிலிருந்து அந்த நிறுவனத்தின் தளத்தை அணுகி இறக்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. அதன் பிரதி ஒன்று உள்நாட்டுச் சேமிப்புத் தளத்தில் வேகமாகக் கிடைத்தது. நிரலாளர் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதியை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதைக்கொண்டு எழுதப்பட்ட செயலிகள் எல்லாவற்றிலும், எழுதியவருக்கே தெரியாமல், வேவு பார்க்கும் நிரல் சேர்ந்துகொண்டது. நம்மில் பலர் பயன்படுத்தும் வீசேட் செயலியின் ஒரு பதிப்பும் அதில் சிக்கியது. இந்த நிகழ்ச்சிக்கு எக்ஸ்கோடுகோஸ்ட் என்று பெயரிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சி இரண்டு பாடங்களைச் சொல்கிறது, நேயர்களே. தெரியாத இடத்திலிருந்து கருவியை எடுக்காதே என்பது ஒன்று. அதைப் பலரும் சொல்வார்கள். மற்றொன்றைச் சொல்பவர்கள் குறைவு. அந்த நிரலாளர்கள் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. முன்வாசல் மெதுவாகத் திறந்ததால் பின்வாசல் வழியே போனார்கள். பிறகு ஆப்பிள் நிறுவனமே சீனாவுக்குள்ளிருந்து விரைவாக இறக்கிக்கொள்ள வழி செய்வதாக அறிவித்தது. வாசலில் காவல் இருந்தால் மட்டும் போதாது, வாசல் நேரத்தோடு திறக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாடத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்பவரின் கடமையைப் பார்ப்போம்.

"வேலைக்குத் தேவை, அவசரம்" என்ற ஒரு வரியைப் பார்க்கும் அதிகாரி என்ன செய்வார்? அவருக்கு நிரல் எழுதத் தெரியாமல் இருக்கலாம். அந்த மென்பொருளின் பெயரையே முதல் முறையாகக் கேள்விப்படுகிறவராகவும் இருக்கலாம். நாளைக்கு ஏதாவது நேர்ந்தால், "யார் அனுமதித்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே தெரியாததை மறுப்பதே அவருக்குப் பாதுகாப்பு. கண்ணுக்கு முன்னால் ஒன்றையும் வைக்காமல் கண் பார்க்கவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. ஆறு கேள்விகளுக்கு நாமே விடை எழுதித் தரவேண்டும்.

முதல் கேள்வி: என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு? பெயரைத் துல்லியமாக எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்று ஒன்று இருக்கிறது. விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி என்று மற்றொன்று இருக்கிறது. இரண்டும் மைக்ரோசாப்ட் தருபவை, இரண்டும் இலவசம். பெயரும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதலாவதைப் பெரிய நிறுவனமும் பயன்படுத்தலாம். இரண்டாவதையோ, 250 கணினிகளுக்கு மேல் உள்ள அல்லது ஆண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனம் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்த உரிமம் இடம் தருவதில்லை. ஒரு சொல் மாறினால் சட்டமே மாறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: எந்த வேலைக்கு? "நிரல் எழுத" என்றால் போதாது. எந்தத் திட்டம், எந்தத் தேதிக்குள், இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று எழுதவேண்டும்.

மூன்றாவது கேள்வி: எங்கிருந்து? தயாரித்தவரின் சொந்தத் தளத்தின் முகவரியைக் கொடுக்கவேண்டும். நல்ல தயாரிப்பாளர் பலர் கோப்போடு ஒரு சரிபார்ப்புக் குறியையும் வெளியிடுவார்கள். இன்று பரவலாக வழங்கும் முறையில் இது 64 எழுத்தும் எண்ணும் கொண்ட வரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுவதும் மாறிவிடும். நாம் இறக்கிய கோப்புக்கும் அவர்கள் வெளியிட்ட குறிக்கும் பொருத்தம் பார்த்தால், வழியில் யாரும் கை வைக்கவில்லை என்பது தெரியும். சீன நிரலாளர்கள் அன்று தங்கள் பிரதியை ஏதேனும் ஒரு வகையில் சரிபார்த்திருந்தால் அது மாற்றப்பட்டது என்பது அப்போதே வெளிப்பட்டிருக்கலாம்.

நான்காவது கேள்வி: உரிமம் என்ன, செலவு என்ன? இலவசம் என்பது வீட்டுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்றாக இருக்கலாம். இன்று ஒன்று, நாளை ஒன்றாகவும் இருக்கலாம். டாக்கர் டெஸ்க்டாப் என்ற கருவி அப்படித்தான் மாறியது. 2021 ஆகஸ்டில் அதன் நிறுவனம் புதிய விதியை அறிவித்தது. 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமோ, ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் உள்ள நிறுவனமோ இனிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்றது. மாறிக்கொள்ள 2022 ஜனவரி இறுதி வரை தவணை கொடுத்தார்கள். அதற்கு முன் வாய்மொழியாக நிறுவிய அலுவலகங்கள், யார் யார் கணினியில் அது இருக்கிறது என்று தேடவேண்டியதாயிற்று.

ஐந்தாவது கேள்வி: எந்தத் தகவலைத் தொடும், அந்தத் தகவல் எங்கே போகும்? சில கருவிகள் நம் சோதனைகளை வெளிநாட்டில் உள்ள தங்கள் கணினியில் சேமித்து வைக்கும். அந்தச் சோதனையில் வாடிக்கையாளரின் பெயரும் அடையாள எண்ணும் இருந்தால், 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆறாவது கேள்வி: யார் பராமரிப்பார்? இதுதான் பலரும் மறக்கும் கேள்வி. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற சிறு நிரல் துண்டில் பெரிய ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் அது ஒளிந்திருந்தது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. திருத்தம் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால், "நம்மிடம் அது எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குத்தான் பலரிடம் விடை இல்லை. பட்டியல் வைத்திருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள்; மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

அன்று மாலை நானும் நம் இளைஞரும் உட்கார்ந்து, ஒவ்வொரு மென்பொருளுக்கும் அரைப் பக்கம் எழுதினோம். ஒன்றைப் படிக்கிறேன்: "பெயர்: கிட். பணி: எங்கள் குழுவின் நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பதிவு செய்தல். இது இல்லாமல் என் வேலையைக் குழுவின் வேலையோடு சேர்க்க இயலாது. ஆதாரம்: தயாரிப்பாளரின் தளம், முகவரி இணைக்கப்பட்டுள்ளது. உரிமம்: திறந்த மூலம், கட்டணம் இல்லை. தகவல்: நிரல் மட்டும், அலுவலகத்தின் உள் கணினியோடு மட்டும் தொடர்பு கொள்ளும். பராமரிப்பு: மாதம் ஒருமுறை புதிய பதிப்பைப் பார்த்துத் தெரிவிப்பது என் பொறுப்பு. தேவை முடிந்ததும் நீக்கிவிடுகிறேன்." இவ்வளவுதான். கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. இதை மேலாளரிடம் காட்டி, அவர் ஒப்புதலோடு அனுப்பச் சொன்னேன். வேலை நின்றால் நட்டம் யாருக்கோ, அவருடைய குரலும் அதில் இருக்கவேண்டும் அல்லவா?

இனி, அனுமதி கொடுப்பவரின் கடமை. முன்வாசல் மெதுவாகத் திறந்தால் பின்வாசல் உண்டாகும் என்று சொன்னேன். பிரிவுக்குத் தெரியாமல் ஊழியர்கள் வைத்துக்கொள்ளும் இத்தகைய மென்பொருளுக்கு 'நிழல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் வெளியிட்ட தொழில்நுட்ப அபாய வழிகாட்டிகளில், நிதி நிறுவனங்கள் இத்தகைய நிழலைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. தடை போடுவதால் மட்டும் நிழல் மறையாது. வெளிச்சத்தில் வேலை செய்ய வழி இருந்தால் அது தானாகக் குறையும்.

அந்த வழிகளும் புதியவை அல்ல. ஒருமுறை ஆராய்ந்து ஒப்புக்கொண்ட மென்பொருள்களைப் பட்டியலாக வைத்து, ஊழியர் தாமே எடுத்துக்கொள்ள விடலாம். நிரல் துண்டுகளை ஒவ்வொருவரும் இணையத்திலிருந்து இழுப்பதற்குப் பதில், நிறுவனத்துக்குள்ளேயே ஒரு களஞ்சியம் அமைத்து, சோதித்தவற்றை அங்கிருந்து கொடுக்கலாம். நிர்வாகி உரிமையை நிரந்தரமாகத் தராமல், ஒரு மணி நேரத்துக்கு மட்டும், பதிவோடு தரலாம். முக்கியத் தகவல்கள் எதையும் தொடாத தனிக் கணினி ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கலாம்.

நம் அரசாங்கத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. பொதுச் சேவை ஊழியர்களின் அலுவலகக் கணினிகளை இணையத்திலிருந்து பிரிக்கப்போவதாக 2016-இல் அறிவித்து, 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் இணையமே இல்லாத கணினியில் இன்றைய மென்பொருளை எழுதுவது கடினம். 2018 அக்டோபரில், இரகசியம் குறைந்த அரசாங்க அமைப்புகளைத் தனியார் மேகக் கணினிகளுக்கு மாற்றும் திட்டத்தைப் பிரதமர் லீ அறிவித்தார். அதில் வேலை செய்யும் பொறியாளர்களுக்காக அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு 'சீட்' என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. பொறியாளரின் கணினி இணையத்தோடு இணைந்திருக்கலாம். ஆனால் அது பதிவு செய்யப்பட்டதா, பாதுகாப்பு மென்பொருள் ஓடுகிறதா, திருத்தங்கள் போடப்பட்டனவா என்று பார்த்த பிறகே உள்ளே விடும். கதவை மூடிவிட்டுப் போகாமல், வாசலில் ஒரு கண்ணை வைத்துக் கதவைத் திறந்தார்கள். பெரிய அமைப்பே அப்படிச் செய்ய முடியுமானால் மற்றவர்களாலும் முடியும்.

அதிகாரிகளுக்கு நான் பணிவாகச் சொல்வது மூன்று. விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதுங்கள். முடிந்தால் அதற்கு மாற்று எது என்று காட்டுங்கள். "போதிய விவரமில்லை" என்று மூடுவதைவிட, "இந்த இரண்டு விவரங்களை அனுப்புங்கள்" என்று திருப்பியனுப்ப எவ்வளவு நேரமாகும்? இரண்டாவது கண் என்பது பார்க்கத்தான், மூடிக்கொள்வதற்கல்ல.

"இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு, எங்கள் கடையில் நான்கு கணினிதான்" என்று சிராங்கூன் சாலை வணிகர் ஒருவர் நினைக்கலாம். அங்கே தகவல் தொழில்நுட்பப் பிரிவு இருக்காது. கடைக்காரரின் மருமகனோ, வாரம் ஒருமுறை வந்துபோகும் பையனோதான் பிரிவு. ஆனாலும் வாடிக்கையாளரின் தொலைபேசி எண் அங்கேயும் இருக்கிறது. சட்டம் அங்கேயும் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தக் கணினியில் எது, என்று, யார் போட்டது, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். போடுபவர் ஒருவர், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். இரண்டாவது கண் அங்கேயும் வந்துவிடும்.

நம் இளைஞரின் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். ஆறில் நான்குக்கு ஒன்பது நாளில் அனுமதி வந்தது. டாக்கர் டெஸ்க்டாப்புக்குக் கட்டணம் வேண்டியிருந்ததால், அதற்குப் பதில் அலுவலகத்தின் பொதுக் கணினி ஒன்றில் அதே வேலையைச் செய்ய இடம் கொடுத்தார்கள். இணையச் சேவைகளைச் சோதிக்கும் இலவசக் கருவி ஒன்று மறுக்கப்பட்டது. சோதனைத் தகவலை அது வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்று காரணம் எழுதியிருந்தார்கள். "எனக்கு அது தெரியவே தெரியாது, ஐயா. வாடிக்கையாளரின் கணக்கு எண்களை வைத்துத்தான் சோதிக்க இருந்தேன்" என்றார் அவர். அந்த நினைவுக்குச்சி வழியே அந்தக் கருவி உள்ளே போயிருந்தால், தகுதிகாண் காலத்தில் இருந்த அவருடைய கதி என்னவாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இழந்த வாரங்கள் திரும்பி வரவில்லை. தாமதத்துக்கான காரணம் விண்ணப்பங்களில் தேதியோடு பதிவாகியிருந்தது. அதை மேலாளர் கணக்கில் எடுத்துக்கொண்டதால் அவர் வேலை நிலைத்தது. அவர் எழுதிய அரைப் பக்கங்கள் அந்தக் குழுவில் மாதிரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்துச் சேர்ந்த பெண்ணுக்கு இரண்டே நாளில் அனுமதி கிடைத்ததாம்.

நேயர்களே, சிராங்கூன் சாலை வழியாகப் போகும்போது ஓவன் சாலை மூலையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே 33 பேரை இழந்த பிறகே கட்டடக் கணக்குக்கு இரண்டாவது கண் வந்தது. அலுவலகக் கணினிகளுக்கு அவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கேட்பவர் விவரத்தோடு கேட்கட்டும். கொடுப்பவர் நேரத்தோடு பார்க்கட்டும்.